கடித்த மாதிரி இருக்கும் காசு: அசல் கிளிப்பா, பிறகு வெட்டியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் கடைவீதியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் விழும் சில்லறையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அப்பாவிடம் இருந்து வந்தது. நான் காசு சேர்ப்பது நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, தோட்டத்தில் இருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் முந்தானையில் முடிந்தோ, காகிதத்தில் மடித்தோ ஒரு காசைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். "அண்ணே, ஒரு பக்கம் கடிச்ச மாதிரி இருக்கு. லட்சத்துக்குப் போகும்னு போன்ல பார்த்தோம். உண்மையா?"

போன மழைக்காலத்தில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். ஒரு நாள் பேரை, அதாவது தோட்டத்து நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு அந்தக் காசோடு கொழும்புவரை பஸ்ஸில் போய், வெறுங்கையோடு திரும்பியவர். அவர் காசில் இருந்தது தகரக் கத்திரி வெட்டு. வீட்டிலேயே பத்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளிப் எரர் என்றால் என்ன? காசு எப்படி இப்படிக் குறைகிறது?

நாணயச்சாலையிலேயே நடந்த பிழையால் ஓரம் குறைந்துபோன காசைத்தான் கிளிப் எரர், சுருக்கமாகக் கிளிப் என்கிறார்கள். நாணயச்சாலையில் நீளமான உலோகத் தகடு ஒன்று மெஷினுக்குள் போகும். மேலிருந்து குத்திகள் இறங்கி அதை வட்டம் வட்டமாக வெட்டி எடுக்கும். படமோ எழுத்தோ இல்லாத அந்த வெறும் வட்டத்தைப் பிளாஞ்செட் என்பார்கள். நான் வில்லை என்றே சொல்கிறேன்.

வீட்டில் பெட்டிஸ் சுட்டவர்களுக்கு இது உடனே புரியும். மாவைத் தேய்த்து விரித்து, டின் மூடியால் அழுத்தி வட்டம் எடுப்போம். அவசரத்தில் மூடியை ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறினாற்போல வைத்துவிட்டால், வரும் வட்டத்தில் ஒரு பக்கம் வளைவாகக் குறைந்திருக்கும். தகடு ஒவ்வொரு அடிக்கும் சரியான தூரம் நகராமல் போனால் மெஷினிலும் இதுவேதான் நடக்கிறது. குத்தி முந்தைய ஓட்டையில் பாதி, உலோகத்தில் பாதி என்று இறங்கிவிடும்.

குறைந்த வில்லைகளைப் பிரித்தெடுக்க நாணயச்சாலையில் சல்லடை வைத்திருப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிப்பது போலத்தான். ஆனால் ஒரு பக்கம் குறைந்த வில்லைக்கு இன்னொரு வாக்கில் முழு அகலமும் இருப்பதால், சில வில்லைகள் சல்லடையை ஏமாற்றிவிட்டு நல்ல வில்லைகளோடு சேர்ந்து அச்சடிக்கும் மெஷினுக்குப் போய்விடுகின்றன.

இலங்கைக்கு இப்போது சொந்த நாணயச்சாலை கிடையாது. பிரித்தானிய ராயல் மின்ட் போன்ற வெளிநாட்டு நாணயச்சாலைகளில் அடித்துத்தான் மத்திய வங்கி வெளியிடுகிறது. ஆகவே நம் கையில் இருக்கும் ஒரு அசல் கிளிப், எங்கோ கடல் தாண்டி நடந்த பிழை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வந்தவர்கள் எல்லோரும் வெட்டையே உற்றுப் பார்க்கிறார்கள். நீங்கள் வெட்டைச் சுற்றி உள்ளதைப் பாருங்கள்.

எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கும்: வெட்டு முதலில் வந்ததா, அச்சு முதலில் விழுந்ததா? அசல் கிளிப்பில் வில்லை முதலில் குறைந்து, அப்புறம்தான் அச்சு விழுந்தது. அச்சு விழும்போது டன் கணக்கான அழுத்தத்தில் உலோகம் நசுங்கிப் பரவும். சாதாரணமாகக் காசைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருந்து அந்தப் பரவலைத் தடுக்கும். கிளிப் இருக்கும் இடத்தில் தடுக்க ஆள் இல்லை. உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி வழியும். அதனால் வெட்டை ஒட்டிய எழுத்துகள் வெட்டுப் பக்கமாக இழுபட்டு, மெலிந்து, கால் நீண்டு நிற்கும். விளிம்பின் மேடும் வெட்டை நெருங்க நெருங்கத் தாழ்ந்து காணாமல் போகும்.

பிறகு வெட்டிய காசில் இது எதுவும் நடந்திருக்க வழி இல்லை. எழுத்து வெட்டு வரைக்கும் தெளிவாக, தடிப்பாக வந்து, கத்தி வைத்தது போல முறியும். விளிம்பும் அதே உயரத்தில் வந்து திடீரென்று அறுந்து நிற்கும்.

தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி கொண்டுவந்த 1982ஆம் ஆண்டு ஒரு ரூபா இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. வெட்டு சின்னது, சுண்டுவிரல் நகம் அளவு. லென்ஸில் பார்த்தபோது, வெட்டுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தின் அடிக்கால் ஈரச் சுவரில் வழிந்த சுண்ணாம்பு போல ஓரத்தை நோக்கி நீண்டிருந்தது. அதற்கு அடுத்த எழுத்தில் ஒரு குறையும் இல்லை. வெட்டின் இரண்டு முனைகளிலும் விளிம்பு சரிவாக இறங்கி மறைந்திருந்தது. எந்த அரமும் இதைச் செய்ய முடியாது. அவன் அதை இருபது ரூபாவுக்கு யாருக்கோ கொடுக்க இருந்தான். வேண்டாம் தம்பி, வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறார்களே, ஏன்?

இதைத்தான் பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். கேட்க அதிசயமாக இருக்கும், காரணம் எளிது.

வில்லையை வெட்டிய பிறகு அதன் ஓரத்தை மேடாக்க ஒரு மெஷினில் உருட்டுவார்கள். சுழலும் சக்கரத்துக்கும் அசையாத பள்ளத்துக்கும் நடுவில் வில்லை உருண்டு ஓடும். இடைவெளி போகப் போகக் குறுகும். இரண்டு பக்கமும் நெருக்குவதால் ஓரம் தடித்து எழும்பும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் ஒரு மாவு வட்டத்தை நிறுத்தி வைத்து உருட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கம் பிய்ந்திருந்தால், பிய்ந்த இடம் ஒரு உள்ளங்கைக்கு நேராக வரும்போது அங்கே எதுவும் படாது. அங்கே படாததால் நேர் எதிரே இருக்கும் ஓரமும் மற்றக் கையில் அழுந்தாது. ஆக, கிளிப்புக்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழும்பாமல் போகும்.

எப்படிப் பார்ப்பது? வெட்டு கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்துக்கு வரும்படி காசைப் பிடியுங்கள். இப்போது 6 இருக்கும் இடத்தில் விளிம்பு தட்டையாகவோ மங்கலாகவோ மெலிந்தோ இருக்கிறதா பாருங்கள். புரட்டிப் போட்டு மற்றப் பக்கத்திலும் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் காசைச் சாய்த்தால் நிழல் மாறுவதில் நன்றாகத் தெரியும். நகத்தை விளிம்பில் ஓட்டினாலும் அந்த இடத்தில் மேடு தாழ்வது தட்டுப்படும்.

எதிர்ப்பக்கம் விளிம்பு முழுசாக இருக்கிறது. அப்படியானால் போலிதானே?

அவசரப்படாதீர்கள். பிளேக்ஸ்லி விளைவு இருந்தால் நல்ல சான்று. இல்லை என்பதற்காக மட்டும் காசைத் தள்ளிவிடக் கூடாது. மிகச் சின்ன கிளிப்பில் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே காசில் இரண்டு மூன்று கிளிப் இருந்தால் ஒன்றின் விளைவு மற்றதைக் குழப்பிவிடும். அச்சு ஆழமாக விழுந்த காசில், அச்சே விளிம்பை நிரப்பி மறைத்திருக்கும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். தெரிந்துவைத்திருக்கும் ஏமாற்றுக்காரர்கள் எதிர்ப்பக்க விளிம்பை அரத்தால் கொஞ்சம் தேய்த்தும் வைப்பார்கள். அப்படித் தேய்த்த இடம் பளபளப்பாக, மற்ற இடத்தின் நிறத்தோடு சேராமல் தனித்து நிற்கும். உருட்டும்போது எழாமல் போன விளிம்பு, காசின் மற்றப் பகுதியைப் போலவே பழைய நிறத்தில் இருக்கும்.

வெட்டின் ஓரம் எப்படி இருக்க வேண்டும்?

காசைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, வெட்டு விழுந்த பக்கவாட்டை லென்ஸில் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். நகைக்கடைப் பத்தரிடம் இருக்கும், கேட்டால் ஒரு நிமிஷம் தருவார்.

குத்தி உலோகத்தை வெட்டும்போது முதலில் அறுத்து, பாதியில் முறிக்கும். அதனால் பக்கவாட்டில் ஒரு வழுவழுப்பான பட்டையும் அதற்குக் கீழே கொஞ்சம் சொரசொரப்பான பட்டையும் தெரியலாம். வெட்டிய பிறகு வில்லைகளைச் சூடாக்கி, கழுவி, ஒன்றோடொன்று உரசவிட்டு, அப்புறம்தான் அடிப்பார்கள். அதனால் அசல் கிளிப்பின் ஓரத்தில் கூர் இருக்காது. விரலை ஓட்டினால் கீறாது.

அரத்தால் தேய்த்தது என்றால் நெருக்கமான கோடுகள் ஒரே வாக்கில் ஓடும். கத்திரியால் வெட்டியதில் ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்து, கீழே பிசிறு தள்ளி நிற்கும். கிரைண்டரில் தீட்டியதில் வளைவு மேடு பள்ளமாக இருக்கும்.

பக்கவாட்டில் பல் வரி உள்ள காசாக இருந்தால் இன்னொரு வசதி. அந்த வரியைப் பதிப்பது அச்சடிக்கும்போது சுற்றி இருக்கும் வளையம். கிளிப் விழுந்த இடம் வளையத்தைத் தொடாததால் அங்கே வரி விழாது. வெட்டை நெருங்கும் இடத்தில் வரிகள் மங்கி மறையும். பிறகு வெட்டிய காசில் கடைசி வரி முழு ஆழத்தோடு இருந்து, சட்டென்று நின்றுபோகும்.

புதிய மஞ்சள் காசுகளில் கண்டுபிடிப்பது சுலபம் என்கிறார்களே?

உண்மைதான். நம் மலையக ஈரம் இதில் நமக்கு உதவுகிறது.

2005 முதல் வந்த 1 ரூபா, 5 ரூபாக் காசுகள் பித்தளை முலாம் பூசிய இரும்பு. அந்தக் காலத்து 2 ரூபா நிக்கல் முலாம் பூசியது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். இந்த வகைக் காசுகளில் வில்லையை முதலில் வெட்டி, அப்புறம்தான் முலாம் பூசுகிறார்கள். அப்படியானால் அசல் கிளிப்பின் உள்வளைவிலும் முலாம் ஏறியிருக்க வேண்டும். மஞ்சள் காசு என்றால் வெட்டின் பக்கவாட்டும் மஞ்சளாகவே இருக்கும்.

பிறகு வெட்டியது என்றால் உள்ளே இருக்கும் சாம்பல் நிற இரும்பு வெளியே தெரியும். அதற்கு மேல் நம் ஊர் மூட்டத்திலும் மழையிலும் அது சும்மா இருக்காது. ஆடி மாதம் நுவரெலியாவில் ஒரு வீட்டு அலமாரியில் வைத்துப் பாருங்கள், சில கிழமைகளில் வெட்டில் செந்துரு பூத்துவிடும். பொகவந்தலாவை அக்காவின் காசும் ஒரு மஞ்சள் 5 ரூபாதான். வெட்டு முழுக்கத் துருவேறி, அவர் அதைச் சுற்றி வைத்திருந்த காகிதத்தில் வளைவாக ஒரு செம்மண் கறை பதிந்திருந்தது. காசை எடுப்பதற்கு முன்பே அந்தக் கறையைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது.

கவனிக்க வேண்டிய ஒன்று: நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசில் சுற்றிலும் முலாம் போயிருக்கும். அப்போது வெட்டை மட்டும் பார்க்காமல், மற்ற ஓரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2017 முதல் வந்த வரிசை துருப்பிடிக்காத எஃகு. அதில் முலாமே இல்லை என்பதால் இந்தச் சோதனை பயன்படாது. எழுத்தின் வழிவையும் விளிம்பையும்தான் நம்ப வேண்டும்.

வளைவு சரியாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

அதே வகைக் காசு இன்னொன்றை எடுத்து வெட்டின் வளைவுக்குள் பொருத்திப் பாருங்கள். வெட்டியது அதே அளவுக் குத்தி என்பதால் வளைவு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அச்சு விழும்போது உலோகம் கொஞ்சம் பிதுங்குவதால் மயிரிழை வித்தியாசம் இருக்கலாம். வளைவு ரொம்பச் சின்னதாக, ஆணி போட்ட ஓட்டையின் பாதி போல இருந்தால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் துளை போட்டு அறுத்தது.

வட்டமில்லாத காசுகளில் இதை நம்பாதீர்கள். 1909 முதல் வந்த சதுர 5 சதம், 1944 முதல் வந்த பூ விளிம்பு 2 சதம், 10 சதம், பதினொரு பக்கமுள்ள 10 ரூபா எல்லாம் இதில் சேரும்.

நேராக வெட்டியது போல இருந்தால் அது போலியா?

நேர் கிளிப்பும் உண்டு. குத்தி தகட்டின் பக்க ஓரத்திலோ முனையிலோ பாதி விழுந்தால் வில்லை ஒரு பக்கம் நேராக வரும். தகட்டின் முனை சீராக வெட்டப்படாமல் இருந்தால் கிளிப்பும் கிழிந்த காகிதம் போலக் கரடுமுரடாக வரும். குத்தி முழுக்க இறங்காமல் பாதியில் நின்றுவிட்டால், குறைவே இல்லாமல் காசின் மேல் ஒரு வளைந்த கோடு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். அது அரிது. வளைந்த கிளிப்தான் அதிகம் கிடைப்பது. நேர் கிளிப்பைப் போலி செய்வது சுலபம் என்பதால், அதை வாங்கும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எடை பார்த்தால் போதாதா?

போதாது. கத்திரியால் வெட்டினாலும் எடை குறையத்தான் செய்யும். ஆனாலும் எடை போட்டுப் பார்ப்பது நல்லது, ஒரு கணக்குச் சொல்கிறேன்.

பழைய செப்பு நிக்கல் ஒரு ரூபா சுமார் 25.4 மில்லிமீட்டர் விட்டம், 7.13 கிராம். அதில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வளைந்த கிளிப் விழுந்தால் போகும் பரப்பு ஏறக்குறைய 5 சதவீதம். எடையில் 0.34 கிராம் அளவு குறைய வேண்டும். தராசு 6.8 கிராம் பக்கத்தில் காட்டினால் கணக்குச் சரி. குறைவு கண்ணுக்குத் தெரிந்தும் எடை 7.1 கிராமிலேயே நின்றால், உலோகம் எங்கும் போகவில்லை, யாரோ சுத்தியலால் தட்டி ஓரத்தை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அந்த மாதிரி நசுங்கலைப் பிடிக்கத்தான் தராசு உதவும். இரண்டு தசமம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். கடைத் தராசில் இது தெரியாது.

பாட்டியின் பெட்டியில் ஒரு பழைய வெள்ளி ரூபா. மேல் பக்கம் குறைந்திருக்கிறது. கிளிப்பா?

இந்தக் கேள்வி மலையகத்தில்தான் அதிகம் வரும், வரக் காரணமும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபா கிடையாது. 1892 முதல் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள்தான் வந்தன. ரூபாவாகப் புழங்கியது விக்டோரியா ராணி, ஜோர்ஜ் மன்னர் முகம் போட்ட இந்திய வெள்ளி ரூபா. ஒன்று 11.66 கிராம். நம் பாட்டிமார் அதில் கொளுவி என்கிற சின்னக் கொக்கி வைத்துக் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். கஷ்டம் வந்தபோது ஒவ்வொன்றாகக் கழற்றி அடகுக்கடைக்கும் போனது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, குறைந்த இடம் ராஜா ராணியின் தலைக்கு நேர் மேலே இருக்கிறதா என்பது. இருந்தால் அங்கே கொளுவி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். லென்ஸில் பார்த்தால் பற்றவைத்த ஈயமோ வெள்ளியோ மங்கலான திட்டாகத் தெரியும். கொளுவியைப் பிய்க்கும்போது விளிம்பும் சேர்ந்து போயிருக்கும், பிறகு அரத்தால் ராவிச் சமன் செய்திருப்பார்கள். ஓட்டை போட்டுக் கோத்த காசில் நாளடைவில் நூலோ கம்பியோ அறுத்து, ஓட்டை ஓரம்வரை பிளந்து போவதும் உண்டு.

அது கிளிப் எரர் இல்லை. ஆனாலும் அதை விற்க வேண்டாம் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் கழுத்தில் கிடந்த காசு அது. வெள்ளி விலைக்குக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஆனைக்காசும் ஒல்லாந்தர் காசும் வட்டமாகவே இல்லையே?

பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் வந்த யானை படம் போட்ட ரிக்ஸ்டொலர் வகைக் காசுகள், ஒல்லாந்தர் கம்பனியின் செப்புக் காசுகள், அதற்கும் முந்திய சேது காசு போன்றவற்றை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். கையால் வெட்டி, கையால் அடித்த காலத்துக் காசுகளில் ஓரம் கோணலாக இருப்பது இயல்பு. அது பிழை ஆகாது, விலையும் அதனால் ஏறாது. பழைய வெள்ளிக் காசுகளின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடும் வழக்கமும் பல நாடுகளில் இருந்தது. அதையும் ஆங்கிலத்தில் கிளிப் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது.

எழுத்து பாதி இல்லை, ஆனால் காசு முழு வட்டம். இதுவும் கிளிப்பா?

இல்லை. காசு முழுசாக இருந்து படம் மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபக்கம் வெறும் பிறையாக விடுபட்டிருந்தால் அது அச்சு விலகி விழுந்த பிழை. விளிம்பு முழுசாக இருந்து ஓரிரு எழுத்து மட்டும் மங்கியிருந்தால் அச்சின் குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கும். உலோகம் உண்மையாகவே குறைந்திருந்தால்தான் கிளிப் என்ற பேச்சு.

இந்தியக் காசுகளுக்கும் இதே சோதனைதானா?

ஆமாம். தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் காசுகளில் கிளிப் அவ்வப்போது தென்படும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று எந்தச் சாலையில் அடித்திருந்தாலும் எழுத்து வழிவு, விளிம்பின் சரிவு, எதிர்ப்பக்கம் இந்த மூன்றும் மாறாது. ஆனால் அங்கே புழங்கும் பல காசுகள் முலாம் இல்லாத எஃகு. காந்தம் ஒட்டுகிறதே என்று முலாமைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

சரி, என்ன விலைக்குப் போகும்?

புழங்கித் தேய்ந்த சாதாரணக் காசில் சின்ன கிளிப் என்றால், சேகரிக்கும் ஒருவர் ஆசைப்பட்டு முகமதிப்பை விட அதிகம் தருவார். வீடு கட்டும் பணம் வராது. போனில் சுற்றும் லட்சக் கணக்குகளை நம்பி ஒருவருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். "உங்கள் காசை வாங்குகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்க மாட்டான்.

கிளிப் பெரிதாக இருந்தால், ஆண்டு இன்னும் வாசிக்க முடிந்தால், காசு புழங்காமல் புதுசாக இருந்தால் மதிப்பு ஏறும். இரண்டு கிளிப் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

விற்கும் முன் கழுவிப் பளபளப்பாக்கலாமா?

கூடவே கூடாது. குத்துவிளக்கு துலக்குவது போலப் புளி, சாம்பல், பிராசோ போட்டுத் தேய்த்துவிட்டால் வெட்டின் நிறமும் காசின் நிறமும் ஒன்றா என்று பார்க்க இருந்த சாட்சியே அழிந்துவிடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, உலர்ந்த காகித உறையில் போட்டு, மூடி இறுக்கமான டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் நாளாவட்டத்தில் காசில் பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடும்.

நானே வெட்டி விற்றால்?

இதை ஒரு பையன் விளையாட்டாகக் கேட்டான். ஏமாற்றும் நோக்கத்தோடு காசின் எடையைக் குறைப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். அதைச் சொன்னதும் பேசாமல் போய்விட்டான்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. நான் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் ஒருவரிடம் 2 ரூபாக் காசு ஒன்றை, கிளிப் என்று நம்பி, ஒரு வாரக் கடை லாபத்தைக் கொடுத்து வாங்கினேன். வளைவு அச்சாகப் பொருந்தியது. எடையும் சரியாகக் குறைந்திருந்தது. ஒரு மாதம் கழித்து லென்ஸ் வாங்கிப் பார்த்தபோதுதான் விளிம்பு முழு உயரத்தில் வந்து வெட்டில் அறுந்து நின்றது தெரிந்தது. வெட்டை மட்டும் பார்த்தேன், சுற்றிப் பார்க்கவில்லை. அந்தக் காசை இன்றும் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டு வந்தால், முதலில் அதைக் கையில் கொடுத்து, போலி எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டுத்தான் அவர்கள் காசைப் பார்ப்பேன்.

நல்ல காசுகளை நேரில் பார்த்துப் பழக இடம் உண்டா?

கொழும்புக்கு வேறு வேலையாகப் போகும்போது, கோட்டை சதாம் வீதியில் (Chatham Street) மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய காலத்துக் காசில் இருந்து இன்றைய காசு வரை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சரியான காசு எப்படி இருக்கும் என்று கண் பழகினால்தான் பிழை தனித்துத் தெரியும். அதற்கு வீட்டு உண்டியலும் போதும். ஒரே வகையில் ஐம்பது காசை விரித்து வைத்து விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

தூரத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும் என்றால் படம் எப்படி எடுப்பது?

பெரும்பாலானோர் வெட்டை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் அனுப்புகிறார்கள். அதை வைத்து ஒருவராலும் எதுவும் சொல்ல முடியாது. காலை வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து நாலு படம் எடுங்கள். முன்பக்கம் முழுசாக ஒன்று, பின்பக்கம் முழுசாக ஒன்று. வெட்டின் பக்கவாட்டு ஒன்று. நாலாவது, வெட்டுக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பு, காசைக் கொஞ்சம் சாய்த்து, நிழல் விழும்படி. வாங்குகிறவராக நீங்கள் இருந்தாலும் இந்த நாலையும் கேளுங்கள். நாலாவது படத்தை அனுப்ப ஒருவர் சாக்குப்போக்குச் சொன்னால் அந்தக் காசை விட்டுவிடுங்கள்.